பூனை இருக்கும் வீட்டில் கினிப்பன்றி வளர்ப்பது எப்படி?

"எங்கள் பூனை ரொம்ப சாது. கினிப்பன்றி வாங்கலாமா?" என்று யாராவது கேட்டால், பூனையைப் பற்றி நான் எதுவும் விசாரிப்பதில்லை. கினிப்பன்றியை வைக்கப்போகும் அறைக்குக் கதவு இருக்கிறதா, அது சரியாகச் சாத்துமா என்றுதான் கேட்பேன். பூனையின் குணம் எல்லாம் அதற்கு அப்புறம்.

'பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்' என்று கேலியாகச் சொல்வார்கள். இந்த இரண்டையும் ஒரே வீட்டில் வளர்ப்பவருக்கு அந்த வேலை நிஜமாகவே வந்து சேர்கிறது. இரண்டின் மேலும் பிரியம் இருக்கும். ஆனால் ஒன்று வேட்டைப் பிராணி. மற்றது தென்னமெரிக்க மலைகளில் காலங்காலமாகப் பிற விலங்குகளுக்கு இரையாகி வந்த இனத்தின் வாரிசு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். பசி வேறு, வேட்டை வேறு. சின்னதாக ஏதோ கீச்சிட்டுக்கொண்டு குறுக்கே ஓடினால் அதன் கால் தானாகவே எழும்பிவிடும்.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். நான்கு மாதம் எங்கள் பூனை கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்திலேயே படுத்துத் தூங்கும். ஒரு நாள் மாலை கினிப்பன்றிகள் இரண்டும் துள்ள ஆரம்பித்தன. சந்தோஷம் வந்தால் அவை நின்ற இடத்திலேயே சோளம் பொரிவது போல எகிறிக் குதிக்கும். கண் மூடித் திறப்பதற்குள் பூனை கூண்டின் மேல் இருந்தது. மூடிக்கு நான் போட்டிருந்த பூட்டு என்ன தெரியுமா? இரண்டு தடித்த புத்தகங்கள். ஒன்று சரிந்து கீழே விழுந்தது, மூடி ஒரு பக்கம் நகர்ந்தது. நான் அறையிலேயே இருந்ததால் தப்பித்தோம். மறுநாள் காலை முதல் வேலையாகத் தாழ்ப்பாள் வாங்கப் போனேன். கீழே எழுதியிருப்பதில் பாதி அந்த மாலைக்குப் பிறகு கற்றுக்கொண்டது.

முதல் படி: வாங்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டியவை

கினிப்பன்றி தனியாக வாழும் பிராணி அல்ல. குறைந்தது இரண்டு வேண்டும். பூனை அதற்குத் துணையாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு பெண், அல்லது கருத்தடை செய்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்றால் சுலபம். இரண்டு ஆண்களும் ஒத்துப்போகும், ஆனால் இடம் தாராளமாக வேண்டும். ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை வாழக்கூடியவை, ஆகவே இது ஒரு கோடை விடுமுறைக்கான ஏற்பாடு இல்லை.

வாங்கும் இடத்தில் "இரண்டும் பெண்தான்" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், விவரம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆணைப் பெண் என்று தவறாகச் சொல்லிவிடுவது சகஜம். ஏற்கெனவே சினையாக இருக்கும் பெண்ணும் வந்துசேரலாம். சினைக்காலம் ஏறத்தாழ 59 முதல் 72 நாள். குட்டிகள் ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, சில மணி நேரத்தில் ஓட ஆரம்பித்துவிடும். இதைப் பூனைக் கட்டுரையில் ஏன் சொல்கிறேன் என்றால், பெரியவற்றுக்குப் பொருத்தமான கம்பி இடைவெளி வழியாகக் குட்டி வெளியே வந்துவிடும். காலையில் எழுந்து பார்க்கும்போது அது அறையில் உலாவிக்கொண்டிருக்கும்.

அடுத்தது அறை. கதவுள்ள அறை ஒன்று, பூனைக்குத் தடை என்று எழுதி ஒட்டாத குறையாக, கினிப்பன்றிக்கு ஒதுக்கப்பட வேண்டும். கதவின் கைப்பிடியைக் கவனியுங்கள். அழுத்தித் திறக்கும் நீளமான கைப்பிடி என்றால், அதில் தொங்கித் திறக்கப் பல பூனைகள் தாமாகவே கற்றுக்கொள்கின்றன. மேலே தனியாக ஒரு தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள். ஜன்னலுக்கும் வலை வேண்டும். உங்கள் பூனைக்கு மட்டுமல்ல, தெருப் பூனைக்கும் ஜன்னல் தெரியும்.

ஒரே அறைதான் வீடு, கதவு சாத்திப் பிரிக்க வழியே இல்லை என்றால்? என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இப்போதைக்கு வேண்டாம். கூண்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், நாள் முழுக்கப் பூனையின் பார்வையிலேயே வாழ்வது கினிப்பன்றிக்குப் பெரிய வதை. ஒரு வயது, இரண்டு வயதுப் பூனை என்றால் இன்னும் கஷ்டம். அந்த வயதில் அசைவது எல்லாமே அதற்கு விளையாட்டுச் சாமான்தான்.

இரண்டாம் படி: கூண்டு

இதில்தான் காசும் நேரமும் செலவழிக்க வேண்டும். அலங்காரத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு கினிப்பன்றிக்குக் குறைந்தது 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் தரைப்பரப்பு வேண்டும். இதைவிடப் பெரிதாக இருந்தால் நல்லது. இடமில்லாத கூண்டில் பயந்த பிராணி ஓடக்கூட முடியாது. மாடிமேல் மாடி கட்டிய ஒடுங்கிய கூண்டு இவற்றுக்கு ஆகாது. இவை ஏறும் பிராணி இல்லை, ஓடும் பிராணி. கண்ணாடித் தொட்டியும் வேண்டாம். பூனையின் நகம் உள்ளே போகாது என்பது சரிதான், ஆனால் காற்றோட்டம் இல்லாமல் உள்ளே சூடும் சிறுநீர் நெடியும் தங்கிவிடும்.

கூண்டு செய்யப் பலர் பயன்படுத்தும் கம்பிச் சட்டங்களில் துளைகள் சுமார் 4 செ.மீ. அகலம் இருக்கும். பூனையின் முன்னங்கால் அதில் தோள்வரை போகும். கூண்டுக்குள் இருப்பதைப் பூனை வெளியிலிருந்தே கிழித்துவிடலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. அதனால் சட்டத்தின் வெளிப்பக்கம் 1 முதல் 1.25 செ.மீ. துளை உள்ள வெல்டு மெஷ்ஷை (பற்றவைத்த கம்பி வலையை), கீழிருந்து மேல்வரை கேபிள் டையால் நெருக்கமாகக் கட்டிவிடுங்கள். வெட்டிய கம்பி நுனிகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது; கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். கோழிக்கூண்டுக்குப் போடும் மெல்லிய அறுகோண வலை போதாது. பூனை மேலே குதித்தால் அது தொட்டில்போலக் குழிந்துவிடும்.

மூடி கட்டாயம். நல்ல உடம்புள்ள பூனை ஒன்றரை மீட்டர் உயரத்தை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும். பக்கச் சுவரை எவ்வளவு உயர்த்தினாலும் மூடியில்லாத கூண்டு திறந்த கூண்டுதான். மூடி மரச்சட்டத்தில் வலை அடித்ததாக இருக்கட்டும். ஒரு பக்கம் கீல், எதிர்ப்பக்கம் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கொக்கி. ஒரே கொக்கியை நடுவில் போட்டால் மூலைகள் தூக்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் உங்கள் கையால் மூடியின் நடுவில் ஐந்தாறு கிலோ எடையைத் திடீரென்று போட்டுப் பாருங்கள். அரிசிப் பையோ மணல் பையோ, எது இருக்கிறதோ அது. (கினிப்பன்றி அப்போது உள்ளே இருக்கக் கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை.) மூடி அசைந்தால் திரும்பவும் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

கூண்டைத் தரையில் வைப்பதா, மேசைமேல் வைப்பதா? ஆடாத, அகலமான மேசைமேல் வைப்பதுதான் என் தேர்வு. தரையில் இருந்தால் பூனை அதைச் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் கூண்டின் மேல் குதிக்க வசதியாகப் பக்கத்தில் அலமாரியோ நாற்காலியோ இருக்கக் கூடாது. இரண்டு பக்கமாவது சுவரோ அட்டையோ மறைக்கட்டும். நான்கு திசையிலிருந்தும் பார்க்கப்படும் பிராணிக்கு நிம்மதி வராது.

சூட்டையும் யோசியுங்கள். 18 முதல் 24 பாகை செல்சியஸ்தான் இவற்றுக்கு இதமான வெப்பம். வெயில் காலத்தில் பூனைக்குப் பயந்து கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்தினால், பூனையிடமிருந்து காப்பாற்றிச் சூட்டுக்குக் கொடுத்த கதையாகிவிடும். கதவுச் சட்டத்தில் வலைக்கதவு ஒன்று பொருத்திவிட்டால் காற்றும் வரும், பூனையும் வராது.

கூண்டுக்குள்ளே ஒளிந்துகொள்ள வீடுகள் வேண்டும். ஆளுக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒரே வாசல் உள்ள வீட்டில் ஒன்று இன்னொன்றை மடக்கிவிடும், உள்ளே மாட்டியது தப்பிக்க முடியாது. அட்டைப்பெட்டியில் இரண்டு ஓட்டை வெட்டினாலே போதும்.

மூன்றாம் படி: முதல் இரண்டு வாரம்

கினிப்பன்றிகள் வீட்டுக்கு வரும் நாளில் பூனை வேறு அறையில் இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் பூனைக்கு அந்த அறையே கிடையாது. புது இடம், புது வாசனை, புது மனிதர்கள் என்று அவை ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கும். வாங்கிவந்த இடத்து நோய் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அதுவும் இந்த நாட்களில் தெரிந்துவிடும்.

இந்தக் காலத்தில் வாசனையை மட்டும் பழக்குங்கள். கினிப்பன்றிகள் படுத்த துணியைப் பூனை தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். பூனை முகர்ந்துவிட்டுப் போய்விட்டால் அதற்குப் பிடித்த தீனி கொஞ்சம். துணியைக் கவ்வி உதறிப் பின்னங்காலால் உதைத்தால், அடுத்த படிக்கு அவசரப்பட வேண்டாம் என்று அர்த்தம். பூனையின் துணியை உடனே கூண்டுக்குள் போட்டுவிடாதீர்கள். அறையின் மறுமூலையில் வைத்தால் போதும்.

நான்காம் படி: பார்வைக்குப் பழக்குதல்

இது கட்டாயமில்லை. கதவு எப்போதும் சாத்தியே இருக்கும் வீடு என்றால் இந்தப் படியே வேண்டாம், பூனை கினிப்பன்றியைப் பார்க்காமலே ஆயுளைக் கழிக்கலாம். ஆனால் வீட்டில் மனிதர்கள் நடமாடுகிறோம், ஒருநாள் கதவு திறந்துவிடும். அந்த நாளில் பூனைக்கு அது புதிய காட்சியாக இருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இது.

பூனையை விளையாட வைத்து, சாப்பாடு போட்டு, அது களைத்துச் சோம்பலாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். விடிகாலையும் அந்திநேரமும் வேண்டாம், அவை அதன் வேட்டை நேரம். கூண்டின் மூடி கொக்கி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூனையை உள்ளே விடுங்கள். தூரத்தில் உட்கார்ந்து, அது கூண்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு தீனி. ஐந்து நிமிடம் போதும், வெளியே கூட்டிப்போய்விடுங்கள்.

பூனையின் எந்த அசைவைப் பார்க்க வேண்டும்? உடம்பு தாழ்ந்து, கண் இமைக்காமல் ஒரே இடத்தில் நிலைத்து, வால் நுனி மட்டும் துடித்தால் அது ஆர்வம் இல்லை, பதுங்கல். பின்பக்கத்தை அசைத்தால் பாயப்போகிறது. பறவையைப் பார்க்கும்போது செய்வதுபோல் தாடையைத் தட்டி ஒரு விசித்திரச் சத்தம் போட்டாலும் அப்படித்தான். கத்தாமல், அடிக்காமல், பார்வையை மறைத்துக் கூட்டிப்போங்கள். தண்ணீர் பீச்சி விரட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. நீங்கள் இருக்கும்போது செய்யக்கூடாது என்பதை மட்டும்தான் பூனை அதில் கற்றுக்கொள்ளும். மூடிமேல் ஏறும் பழக்கம் வந்துவிட்டால் இருபக்கமும் ஒட்டும் டேப்பை விளிம்பில் ஒட்டிப் பாருங்கள். காலில் பிசுபிசுப்பது பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்காது.

கினிப்பன்றியைப் படிப்பது இதைவிடக் கடினம். பூனை கினிப்பன்றியை நக்கிக்கொடுக்க, அது அசையாமல் உட்கார்ந்திருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் உருகிப்போவார்கள். எனக்கு அவற்றைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். கினிப்பன்றி பயந்தால் உறைந்துபோகும். அசையாமல் இருந்தால் வேட்டைக்காரன் கண்ணில் படமாட்டோம் என்பது அதன் உடம்பில் ஊறிய கணக்கு. அதன் அமைதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புல் மென்றுகொண்டே இருக்கிறதா, நீட்டிப் படுக்கிறதா, ரோமத்தைச் சரிசெய்துகொள்கிறதா என்று பாருங்கள். இவைதான் நிம்மதியின் அடையாளம். பூனை வந்ததும் மெல்வது நின்றுபோய், கண் பிதுங்கி அப்படியே நின்றால், அன்றைக்கு அத்தோடு போதும்.

எவ்வளவு பழகினாலும் ஒரே தரையில் இரண்டையும் விடுவது என்ற படி இந்தக் கட்டுரையில் கிடையாது.

ஐந்தாம் படி: அன்றாட ஒழுங்கு

விபத்துகள் நடப்பது பெரும்பாலும் பழகிய பிறகுதான். எங்கள் வீட்டில் ஒரு விதி: கூண்டைத் திறக்கும் முன் பூனையைக் கண்ணால் பார்க்க வேண்டும். 'அது மாடியில்தான் இருக்கும்' என்பது பார்த்த கணக்கு அல்ல. பூனை எங்கே என்று தெரியும்வரை மூடி திறக்காது. அறைக்குள் வந்ததும் முதலில் கதவைச் சாத்தி, கட்டிலுக்கு அடியிலும் திரைக்குப் பின்னாலும் ஒரு பார்வை. வெளியே போகும்போது தலையை எண்ணி, கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவது. குழந்தைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் இது தெரிய வேண்டும். கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினால் நல்லது.

தினமும் சிறிது நேரம் கூண்டுக்கு வெளியே ஓடவிடுவது நல்லது. அந்த நேரத்தில் பூனை மூடிய கதவுக்கு அந்தப் பக்கம். சுற்றி நிறுத்தும் மடக்கு வேலி கினிப்பன்றியைத்தான் தடுக்கும், பூனைக்கு அது ஒரு தாவல்.

கினிப்பன்றியை மடியில் வைத்துக்கொள்ளும்போது தரையில் உட்காருங்கள். சோபாவில் இருக்கும்போது பூனை திடீரென்று வந்தால் அது துள்ளி விழும். அந்த உயரமே பல்லையோ காலையோ முதுகெலும்பையோ முறிக்கப் போதும்.

இன்னொன்று, சாப்பாட்டு நேரம். குளிர்சாதனப் பெட்டியின் கதவுச் சத்தம் கேட்டதுமே காய்கறி வருகிறது என்று கினிப்பன்றிகள் வீடே அதிர வீரிடும். அதைக் கேட்டுப் பூனையும் ஓடிவரும். அதனால் அதே நேரத்தில் பூனைக்கும் வீட்டின் மறுகோடியில் தட்டு வைத்துவிடுங்கள். சில நாளில் அந்தச் சத்தம் பூனைக்கும் தன் தட்டை நினைவூட்ட ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் கயிறோ இறகோ காட்டிப் பத்து நிமிடம் துரத்த வைத்தால் இன்னும் நல்லது. துரத்தி, பிடித்து, தின்று, உடம்பை நக்கித் தூங்குவதுதான் பூனையின் இயல்பான வரிசை.

கினிப்பன்றியின் உணவில் பெரும்பகுதி உலர்புல்தான். வைக்கோல் வேறு, அதில் சத்து குறைவு. இலையும் தண்டுமாக வெட்டி உலர்த்திய புல் எந்நேரமும் முன்னால் இருக்க வேண்டும். நம்மைப் போலவே இவற்றின் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானாக உண்டாக்காது. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. குடைமிளகாய்த் துண்டு தினமும் கொடுத்தால் கவலை குறையும். பூனைத் தீனியில் இறைச்சி இருப்பதால் அது கினிப்பன்றிக்கு எட்டவே கூடாது.

ஆறாம் படி: நோய், பூச்சி

உலர்புல் பையைத் திறந்து வைத்தால் பூனை அதைத் தன் கழிப்பிடமாக ஆக்கிக்கொள்ளும். பூனை மலத்தின் வழியாக டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பரவலாம். அப்படி ஆன பையை மனசு வலித்தாலும் முழுதாகக் கொட்டிவிடுங்கள். மூடியுள்ள டப்பா சிறந்தது, காற்று போகச் சிறு துளைகளோடு.

போர்டெடெல்லா என்ற பாக்டீரியாவைப் பூனைகள் வெளியே தெரியாமலே சுமக்கலாம். கினிப்பன்றிக்கு அதனால் நிமோனியா வரும். பூனை தும்மிக்கொண்டிருந்தால் அதைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் கினிப்பன்றியைத் தொடாதீர்கள். மூக்கு, கண்ணைச் சுற்றி ரோமம் உதிர்ந்து செதில் தட்டினால் படர்தாமரையாக இருக்கலாம். அது பூனைக்கும் உங்களுக்கும்கூட ஒட்டும்.

தெள்ளுப்பூச்சிக்குப் பூனையின் பிடரியில் விடும் மருந்தை, மிச்சம் இருக்கிறதே என்று கினிப்பன்றிக்கு விடக் கூடாது. மருத்துவர் சொன்ன மருந்து, அவர் சொன்ன அளவு மட்டும். நாய்களுக்கான சில மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையையே கொன்றுவிடும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

ஏழாம் படி: மீறி நடந்துவிட்டால்

பூனையின் பல் மெல்லியது, ஆழமாக இறங்கும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், அதையும் ரோமம் மூடிவிடும். ஆனால் பூனை வாயில் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் உண்டு. அவை உள்ளே போய்விட்டால் காயம் மேலே ஆறியதுபோல் காட்டி அடியில் சீழ் பிடிக்கும். ஆகவே பூனை பல்லோ நகமோ பட்டது என்று தெரிந்தாலும், பட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட்டாலும், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். 'நன்றாகத்தான் ஓடுகிறது, நாளைக்குப் பார்க்கலாம்' என்பது இங்கே செல்லாது.

முதலில் பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்துங்கள். அதைத் திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். ரோமத்தை ஊதி விலக்கி, வயிறு, முதுகு, கழுத்து என்று முழுக்கத் தேடிப் பாருங்கள். காயத்தைக் கொதித்து ஆறிய நீரில் கொஞ்சம் உப்புக் கரைத்துக் கழுவினால் போதும். காட்டமான கிருமிநாசினி, வீட்டுக் களிம்பு எதுவும் வேண்டாம். துணி விரித்த இருட்டான பெட்டியில், கதகதப்பாக, உலர்புல்லோடு வைத்து எடுத்துப்போங்கள். அடிபடாத ஜோடியைக் கூடவே அனுப்பினால் பயம் குறையும். மருத்துவரிடம் போகும் முன் பட்டினி போடக் கூடாது.

மருந்தில் மிகுந்த கவனம் வேண்டும். பூனைக் கடிக்கு வழக்கமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின், பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால், கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, சில நாளில் அதுவே இறந்துவிடலாம். வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவர் என்றால், இது கினிப்பன்றி, பென்சிலின் வகை ஆகாது என்று நீங்களே ஒருமுறை சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். இதைவிட நல்லது, சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் யார், இரவில் யார் என்பதைக் கினிப்பன்றி வாங்கும் முன்பே விசாரித்துவைப்பது.

காயமே இல்லாமல் துரத்தல் மட்டும் நடந்திருந்தாலும் இரண்டு நாள் கண்காணியுங்கள். அதிர்ச்சியில் சாப்பிடுவதை நிறுத்தினால் குடல் இயக்கமும் நின்றுவிடும். அரை நாள் சாப்பிடாமலோ, புழுக்கை போடாமலோ இருந்தால் அவசரம்தான். அந்த வாரம் தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதிவையுங்கள். உடம்பைப் பார்த்தால் தெரியாதது எண்ணில் முதலில் தெரியும். எடை பழைய நிலைக்கு வந்து, பழையபடி வீரிட்டுக் காய் கேட்க ஆரம்பிக்கும்வரை பூனைக்கு அந்தப் பக்கமே வேலை இல்லை. அதற்குள் பூனை எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்து அடைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது கொக்கி இல்லாத மூடி. உங்கள் வீட்டில் பாதி சாத்திய கதவாக இருக்கலாம்.